தொடாத வைத்தியம்

தோல் நோய் கண்ணுக்குத் தெரிகிற நோய். கண்ணுக்குத் தெரிவதைக் கைபேசிக் கமராவும் பார்க்கும். ஆகவே பரிஸின் லாச்சப்பல் தமிழர்கள் இனித் தோல் வைத்தியரைத் தேடி ஆஸ்பத்திரிப் படி ஏற வேண்டியதில்லை. படுக்கையில் இருந்தபடியே காணொளியில் காட்டிக் களிம்பு வாங்கிக்கொள்ளலாம். சென்ற இதழில் வந்த நீண்ட கட்டுரையின் வாதம் இதுதான். அதை வாசித்துவிட்டு, "அண்ணை, இனி அலையத் தேவையில்லையாம்" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த வாதம் பிழையானது. நம்பி நடப்பவர்களின் உடம்புக்குக் கேடு செய்யக்கூடியது.

கட்டுரையாளர் விவரிக்கும் துன்பத்தில் பொய் இல்லை. பிரெஞ்சுச் சுகாதார அமைச்சின் புள்ளிவிவரப் பிரிவு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, தோல் வைத்தியரிடம் நேரம் கிடைக்கச் சராசரியாக 61 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓய்வுபெறும் தோல் வைத்தியர்களின் இடத்தை நிரப்பப் போதிய புதியவர்கள் வருவதில்லை. பரிஸ் நகருக்குள் இருப்பவர்களில் பலர் அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்குகிறார்கள். நள்ளிரவுக்குப் பிறகு உணவகத்தில் கோப்பை கழுவி முடித்து, புறநகரில் லா கூர்னெவுக்கோ பொபினிக்கோ சார்செலுக்கோ திரும்புகிற ஒருவருக்குக் காலை பத்து மணிச் சந்திப்பு என்பது தூக்கமும் போய், சில வேளை வேலையும் போகிற விஷயம். 2018 செப்டெம்பர் 15 முதல் காணொளி வைத்தியத்துக்கும் மருத்துவக் காப்புறுதி பணம் தருகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நூறு வீதமும் தந்தது. அந்த மாதங்களில் அது பலரைக் காப்பாற்றியது. வேறு வழியே இல்லாத காலத்தில் செய்ததை, வழி திறந்த பின்னும் நமக்கு மட்டும் நிரந்தர ஏற்பாடாக்கச் சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

தோல் வைத்தியம் என்றால் பார்ப்பதுதான் என்று காட்டக் கட்டுரையாளர் சென்-லூயி ஆஸ்பத்திரியின் மெழுகு உருவங்களைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். நல்ல சாட்சிதான், ஆனால் அவருக்கு எதிராகப் பேசும் சாட்சி. லாச்சப்பல் மெட்ரோவில் இரண்டாம் இலக்க வழித்தடத்தில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் கொலோனல் ஃபபியன். இறங்கிச் சிறிது நடந்தால் சென்-லூயி. கொள்ளைநோய்க்காக நான்காம் ஆன்ரி மன்னன் 1607இல் நிறுவிய ஆஸ்பத்திரி அது. 1801 முதல் தோல் நோய்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அங்கே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மெழுகு வார்ப்புகள் இருக்கின்றன. காகிதக் கூழில் பழங்கள் செய்து விற்ற ஜூல் பரெத்தா என்ற கைவினைஞர் அவற்றில் பலவற்றைச் செய்தார். எப்படிச் செய்தார்? நோயாளியின் புண்ணின் மேலேயே சாந்தைப் பூசி, அச்செடுத்து, அதில் மெழுகை வார்த்து, நோயாளியை எதிரே வைத்துக்கொண்டு நிறம் தீட்டினார். ஒவ்வொரு உருவமும் ஓர் உடம்பைத் தொட்டு எடுத்தது. மேடு, பள்ளம், செதில், தடிப்பு எல்லாம் கைக்குத் தட்டுப்பட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பாடு. பார்த்தால் போதும் என்றிருந்தால் புகைப்படத்தோடு நின்றிருக்கலாம். அதே ஆஸ்பத்திரியில் 1868இலேயே தோல் நோய்ப் புகைப்படத் தொகுப்பு வெளிவந்துவிட்டது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மெழுகு வார்த்தார்கள்.

அதே வளாகத்தின் இன்னொரு வரலாற்றையும் அவர் படித்திருக்க வேண்டும். சொறிசிரங்குக்குக் காரணம் ஒரு நுண்ணிய பூச்சி என்று நிறுவ 1812இல் கலெஸ் என்பவர் அங்கே ஒரு படத்தைக் காட்டினார். படம் அழகாக இருந்தது, எல்லோரும் நம்பினார்கள். பிறகு பார்த்தால் அது பாற்கட்டியில் ஊரும் பூச்சியின் படம். அந்தக் குழப்பத்தில், சொறிசிரங்குக்குப் பூச்சியே காரணமில்லை என்று வாதிடுகிறவர்கள் பெருகினார்கள். 1834இல் ரெனூச்சி என்ற கோர்சிகா மாணவர், தன் ஊர்ப் பெண்கள் செய்வதைப் பார்த்துப் பழகிய விதமாக, ஒரு நோயாளியின் தோலில் ஊசியை வைத்துப் பூச்சியை உயிரோடு எடுத்துக் காட்டினார். இருபது வருடத்துக்கு மேல் ஒரு படம் கெடுத்த காரியத்தை ஓர் ஊசிமுனை தீர்த்துவைத்தது.

இந்தப் பழங்கதையை நான் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. இரவு வேலைக்காரன் எழுந்து போன பாயில் பகல் வேலைக்காரன் படுக்கிறான். அங்கே வரும் முதல் தோல் நோய் சொறிசிரங்கு. ஒருவன் காணொளியில் கையைக் காட்டுகிறான். ஒவ்வாமை என்று மாத்திரை எழுதப்படுகிறது. சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டாலும் மருந்து அவனுக்கு மட்டும் எழுதப்படுகிறது. சொறிசிரங்கு அப்படிப் போகாது. அறையில் படுக்கும் அத்தனை பேரும் ஒரே நாளில் மருந்தெடுக்க வேண்டும், துணியும் விரிப்பும் 60 பாகைச் சூட்டில் தோய்க்கப்பட வேண்டும், குறித்த இடைவெளியில் மருந்தை இன்னொரு தடவை எடுக்க வேண்டும். விரலிடுக்கை விரித்துப் பார்த்து, உருப்பெருக்கியால் பூச்சியின் வளையைத் தேடி, "உம்மோடு எத்தனை பேர் படுக்கிறார்கள்" என்று கேட்கிற வைத்தியருக்குத்தான் இது பிடிபடும். பக்கத்துக் கட்டிலில் நண்பர்கள் இருக்கும்போது கைபேசியைப் பார்த்து அந்தக் கேள்விக்கு யார் உண்மை சொல்வார்?

இனி நிறத்துக்கு வருகிறேன். கட்டுரையாளர் இதைப்பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. தமிழர்களின் தோலைப் பற்றி நான்கு பக்கம் எழுதிய ஒருவர், அந்தத் தோல் என்ன நிறம் என்பதை மறந்துவிட்டார். என்னால் இதை எளிதில் மன்னிக்க முடியவில்லை.

மருத்துவப் பாடநூல்களில் அழற்சி என்றால் சிவப்பு. வெள்ளைத் தோலில் சிவக்கும். நம் தோலில் அதே அழற்சி ஊதாவாக, கரும்பழுப்பாக, சில வேளை சாம்பல் நிறமாகத்தான் தெரியும். பல வேளை நிறமாற்றமே தெரியாமல் தடிப்பாக மட்டும் இருக்கும். காலில் கிருமி ஏறித் தசை வீங்கத் தொடங்கும்போது வெள்ளைக்காரரின் காலில் செந்நிறம் பரவுவதைத் தூரத்திலிருந்தே காணலாம். கறுத்த காலில் புறங்கையை வைத்துச் சூட்டைப் பார்க்க வேண்டும், விரலால் அழுத்தி இறுக்கத்தை உணர வேண்டும். சூட்டை அனுப்புகிற கமரா நம் கைபேசியில் இல்லை. தோல் நிறங்களை வகைப்படுத்த உலகமே பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975இல் உருவானபோது கறுத்த தோலுக்கு அதில் இடமே இல்லை. அந்த வகைகள் பிறகுதான் சேர்க்கப்பட்டன. 2020இல் மலோன் முக்வெண்டே என்ற லண்டன் மருத்துவ மாணவர், கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று காட்டத் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு கையேடு தயாரிக்க வேண்டியிருந்தது. 2020இல்! நேரில் பார்க்கிற வைத்தியர்களே இன்னும் பழகிக்கொண்டிருக்கும் தோலை, மங்கிய குழல்விளக்கின் கீழ், முகத்தை வெளுப்பாக்கிக் காட்டும்படி அமைத்த கைபேசியில், காணொளி சுருக்கித் தரும் மங்கல் படத்தில், ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார் கட்டுரையாளர்.

படர்தாமரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிகளில் நம் ஆட்களுக்கு மொழி உதவி செய்யப் போகிற எனக்கு அடிக்கடி கண்ணில் படுவது இதுதான். ஓர் இளைஞர் இடுப்புப் பட்டிக்குக் கீழே காசளவு வட்டமொன்றைக் காணொளியில் காட்டியிருக்கிறார். மறுபக்கத்தில் இருந்தவர் கரப்பான் என்று முடிவுசெய்து ஸ்டெராய்டு களிம்பு எழுதினார். மூன்று நாளில் அரிப்பு நின்றது, வட்டத்தின் ஓரம் மங்கியது. இளைஞருக்குப் பெரிய நிம்மதி. களிம்பை நிறுத்தியதும் திரும்ப வந்தது. மறுபடி பூசினார். நான் அவரோடு தோல் பிரிவுக்குப் போனபோது வட்டம் வட்டமாக இருக்கவில்லை. தொடை, பின்புறம், வயிறு என்று வரைபடம் போலப் பரவியிருந்தது. பூஞ்சணத்துக்கு ஸ்டெராய்டு பூசினால் அழற்சி அடங்கும், பூஞ்சணம் வளரும். அங்கே இருந்த வைத்தியர் மழுங்கிய கத்தி ஒன்றால் ஓரத்துச் செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் எடுத்தார். சுரண்டிய அந்தத் துகளில்தான் விடை இருந்தது. முதல் வைத்தியரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் கையில் கத்தியும் இல்லை, தகடும் இல்லை, எட்டிப்பிடிக்கத் தோலும் இல்லை.

இது ஒருவருடைய துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. வழக்கமான மாத்திரைக்கு மசியாத ஒரு படர்தாமரைப் பூஞ்சணம் இந்தியாவிலிருந்து உலகெங்கும் பரவியிருக்கிறது. 2020இல் அதற்கு டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். 2022 வாக்கில் பிரான்சிலும், பரிஸிலும், தெற்காசியாவோடு தொடர்புள்ளவர்களிடம் அது பதிவாகியது. கண்ணால் பார்த்து அதை இனம்பிரிக்க எந்த நிபுணராலும் முடியாது. சுரண்டி, வளர்த்து, மரபணுவைப் பார்க்க வேண்டும். அது பெருகுவதற்கு ஒரு முக்கிய காரணமாகச் சொல்லப்படுவது கண்டபடி பூசப்படும் ஸ்டெராய்டுக் கலவைக் களிம்புகள். இந்திய அரசு 2018இல் இத்தகைய களிம்புகள் பலவற்றை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ஊருக்குப் போய் வருகிறவர்களின் பெட்டியில் அவை இன்னும் வருகின்றன. முன்னே இருக்கிற வைத்தியர் "என்ன பூசினீர், குழாயைக் காட்டும்" என்று கேட்டால் பையிலிருந்து எடுத்துக் காட்டுவோம். காணொளியில் அது கேட்கப்படுவதும் அரிது, காட்டப்படுவதும் அரிது.

தேமலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிறிய திட்டு என்றால் பெரும்பாலும் தேமல்தான், பயமில்லை. ஆனால் இலங்கையில் இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது; இந்தியாவில் அது ஒரு லட்சத்தை ஒட்டி நிற்கிறது. தொற்றி, குறி தெரிய சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகும். ஊரில் தொற்றியது பரிஸில் வெளிவரலாம். தேமலையும் தொழுநோயையும் பிரிக்கும் முதல் சோதனைக்கு யந்திரம் வேண்டாம்: கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் திட்டைத் தொட்டு, "தெரியுதா" என்று கேட்பது. பிறகு முழங்கையின் பின்னால் நரம்பைத் தடவிப் பார்ப்பது. இரண்டுக்கும் கை வேண்டும். வேளைக்குக் கண்டுபிடித்தால் மாத்திரையில் முழுக்கக் குணமாகிற நோய் அது; விட்டால் விரலும் கண்ணும் போகும்.

காட்டாததைக் கமரா பார்க்காது என்பதும் சின்ன விஷயமில்லை. நோயாளி தனக்கு உறுத்துகிற இடத்தை மட்டும் காட்டுகிறார். கறுத்த தோலுடையவர்களுக்குக் கரும்புற்று வந்தால் அது உள்ளங்காலிலும் நகத்தின் அடியிலும் வருவதே அதிகம். பொப் மார்லி 1981இல் முப்பத்தாறு வயதில் இறந்தது கால் விரல் நகத்தடியில் தொடங்கிய அந்தப் புற்றால்தான். கை அரிப்புக்கு வந்தவரின் சப்பாத்தையும் கழற்றச் சொல்லிப் பார்க்கிற வைத்தியர் அதைப் பிடிப்பார்.

கோப்பை கழுவுகிறவர்களின் நேரம் மிச்சமாகும் என்று உருகியிருக்கிறார் கட்டுரையாளர். அவர்களுடைய கைகளைப் பார்த்திருக்கிறாரா? சவர்க்காரமும் கிருமிநாசினியும் இறப்பர்க் கையுறையும் தின்று, விரல் மடிப்புகள் வெடித்து, எலுமிச்சை பட்டால் உயிர் போகிற கைகள். அது வெறும் கரப்பான் இல்லை, சட்டப்படி தொழில்வழி நோய். பிரெஞ்சுச் சமூகக் காப்புறுதியின் 65ஆம் அட்டவணை அதற்கென்றே இருக்கிறது. அந்தப் பொருளோடு மறுபடி வேலை செய்யும்போதெல்லாம் திரும்ப வருகிறது என்று காட்ட வேண்டும், அல்லது ஒட்டுச் சோதனையில் அந்தப் பொருளுக்கு ஒவ்வாமை உறுதியாக வேண்டும். ஒட்டுச் சோதனை என்றால் முதுகில் பொருட்களை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, பிறகு இன்னொரு நாளும் வரச் சொல்லிப் பார்ப்பது. தொழில்வழி நோயென்று ஏற்கப்பட்டால் அதற்கான சிகிச்சை முழுக்கக் காப்புறுதியின் செலவு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான கொடுப்பனவும் சாதாரண நோய்க்குத் தருவதைவிட மேலானது. இரவு ஒரு மணிக்குக் காணொளியில் களிம்பு வாங்கினால் இதில் எதுவும் தொடங்குவதே இல்லை. வருடக்கணக்காகக் களிம்பு பூசிக்கொண்டு அதே தொட்டியில் கை விடுவார். ஒருநாள் கை முடியாமல் போகும், முதலாளி வேறு ஆளை வைப்பார். நேரம் மிச்சம்பிடித்துக் கொடுத்ததாகச் சொல்கிற யோசனை, அவரிடமிருந்து உரிமையைப் பறித்துவிடுகிறது.

மொழிப் பிரச்சினையும் தீர்ந்துவிடும், வீட்டில் பிள்ளைகள் மொழிபெயர்ப்பார்கள் என்று எழுதியதுதான் கட்டுரையிலேயே மோசமான பகுதி. ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தாய்க்கு மார்பின் கீழ் மடிப்பில் புண். கைபேசியைப் பிடித்திருந்தது பன்னிரண்டு வயது மகன். "எங்கே, எப்போதிருந்து, கசிகிறதா" என்று திரையில் இருந்தவர் கேட்கக் கேட்க, மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு தமிழில் கேட்டான். தாய் "கையில் கொஞ்சம் அரிப்பு என்று சொல்லு தம்பி" என்றார். அவன் அப்படியே சொன்னான். கைக்கான மருந்து வந்தது. இதற்குப் பெயர் வைத்தியமா? பிரான்சில் 2016 சனவரிச் சட்டம் மருத்துவத்தில் மொழிபெயர்ப்பை அங்கீகரித்துவிட்டது. பயிற்சிபெற்ற மொழிபெயர்ப்பாளரைத்தான் பயன்படுத்த வேண்டும், உறவினரையும் பிள்ளையையும் அல்ல என்று 2017இல் உயர் சுகாதார ஆணையம் வழிகாட்டியிருக்கிறது. பொது ஆஸ்பத்திரிகள் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைக்க முடியும். கேட்க வேண்டும், கேட்கலாம் என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். காப்புறுதி அட்டையே இல்லாதவர்களுக்கும் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆஸ்பத்திரிகளில் பாஸ் எனப்படும் இலவசப் பிரிவு இருக்கிறது. லாச்சப்பலில் நின்றால் கூப்பிடு தூரத்தில் இருக்கிற லாரிபுவாசியேர் ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. இவற்றில் ஒன்றையும் எழுதாமல் கைபேசியை எடு என்கிறது கட்டுரை.

தொலைவு எனக்குப் பகை இல்லை. படத்தை வைத்துத் தோல் நோய் பார்ப்பதில் பயன் உண்டு. தோல் புற்றுக்கு இதைப் பயன்படுத்துவது பற்றி கொக்ரேன் குழு 2018இல் வெளியிட்ட மதிப்பாய்வு, தீய கட்டிகளில் பெரும்பாலானவற்றை இம்முறையால் சரியாக இனங்காண முடியும் என்றுதான் சொன்னது, சான்றுகள் குறைவு என்ற எச்சரிக்கையோடு. கட்டுரையாளர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்த ஆய்வுகளில் இருப்பவை பெரும்பாலும் முறையாக எடுத்த படங்கள். குளியலறைக் கண்ணாடியில் கையை வளைத்து எடுத்தவை இல்லை. படம் யார் எடுக்கிறார், யாருக்கு அனுப்புகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதற்கான வழி பிரான்சில் ஏற்கெனவே இருக்கிறது. கட்டுரையில் அதன் பெயரே இல்லை. தெலே-எக்ஸ்பெர்த்தீஸ் என்கிறார்கள். நம் குடும்ப வைத்தியர் நம்மை நேரில் பார்க்கிறார், தொடுகிறார், சப்பாத்தைக் கழற்றச் சொல்கிறார், வீட்டில் யார் யார் என்று கேட்கிறார். சந்தேகம் இருந்தால் அவரே நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, தான் கண்டதையும் தொட்டறிந்ததையும் எழுதி, பாதுகாப்பான வழியில் தோல் நிபுணருக்கு அனுப்புகிறார். நிபுணர் எழுத்தில் பதில் தருகிறார்: இன்ன மருந்து, அல்லது சுரண்டிச் சோதனைக்கு அனுப்பு, அல்லது உடனே என்னிடம் அனுப்பு. அவசரமானவர் அந்த நீண்ட வரிசையைத் தாண்டி முன்னால் போகிறார். 2019 பெப்ரவரி முதல் காப்புறுதி இதற்கு வைத்தியர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கிறது. நோயாளி ஒரு சதமும் கட்டுவதில்லை. கமரா வைத்தியருக்கும் வைத்தியருக்கும் நடுவில் இருக்கிறது, நோயாளியின் பக்கத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். லாச்சப்பலைச் சுற்றிப் பார்க்கிற பொது வைத்தியர்களிடம், தமிழ் பேசுகிறவர்களிடமும், இதை வாய்விட்டுக் கேட்கலாம்.

கட்டுரையின் முடிவில் ஒரு வேண்டுகோள் இருந்தது: நம் சங்கங்கள் பணம் சேர்த்து, கடைத்தெருவில் ஒரு காணொளி வைத்தியக் கூண்டு வைக்க வேண்டுமாம். 2023இல் பிரெஞ்சு ரயில் நிறுவனம் 2028க்குள் 300 நிலையங்களில் இப்படியான இடங்களைத் திறப்பதாக அறிவித்தபோது, வைத்தியர் மன்றமே எதிர்த்தது. அவர்கள் வேண்டாமென்றதை நாம் நம் காசில் வாங்கி, விநாயகர் தேர் வரும் தெருவில் நிறுத்த வேண்டுமா? சங்கங்களிடம் பணம் இருந்தால் வாரத்தில் இரண்டு காலை சென்-லூயியிலும் லாரிபுவாசியேரிலும் நம் ஆட்களோடு கூடப்போக, பயிற்சிபெற்ற இரண்டு பெண்களுக்கும் இரண்டு ஆண்களுக்கும் சம்பளம் கொடுங்கள். குடும்ப வைத்தியர் இல்லாதவர்களுக்கு ஒருவரைப் பதிவுசெய்து கொடுங்கள். 65ஆம் அட்டவணைக்கான விண்ணப்பத்தை நிரப்பத் தெரிந்த ஒருவரை ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் உட்காரவையுங்கள். உணவக வேலைக்காரருக்கு ஓய்வு கிடைப்பது அன்றைக்குத்தான்.